டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை எதில் மாட்டுவது?

நாற்பத்தைந்து, ஐம்பது குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை வாங்கி, அதற்கு டிரெய்லரும் சேர்த்துச் செய்யக் கொடுக்கும் விவசாயி, எஞ்சின் திறன், டயர் அளவு, ஹைட்ராலிக் தூக்குதிறன் ஆகியவற்றை எல்லாம் விசாரித்து முடிவு செய்கிறார். டிராக்டரும் டிரெய்லரும் சேரும் இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் பட்டறைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார். பட்டறையில் அன்றைக்குக் கையில் கிடைக்கும் வளையமே டிரெய்லரில் பற்றவைக்கப்படுகிறது. டிராக்டரில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஓர் ஓட்டையில் அது மாட்டப்படுகிறது. ஆனால் இந்த ஓரிடத்தில் தேர்வுக்கு ஐந்து வழிகள் உள்ளன. கலப்பை போன்ற கருவிகளை மாட்டும் மூன்று முனை இணைப்பின் கீழ்க் கைகளுக்கு நடுவே பூட்டும் துளைத் தகடு, டிராக்டரின் அடியிலிருந்து நீளும் டிராபார், பின்பக்க உறையில் போல்ட் போட்டு நிறுத்தும் இரட்டைத் தகடுக் கவை, தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி, 80 மி.மீ. இரும்பு உருண்டை ஆகியவையே அவை. இவற்றுள் எதை எடுப்பது என்பதை இழுவை வலிமையை வைத்து முடிவு செய்வது தவறான இடத்திலிருந்து தொடங்குவதாகும் என்பது என் கருத்து. இழுக்க எல்லாவற்றாலும் முடியும். மேலிருந்து அழுத்தும் பாரத்தை அவை எங்கே, எந்த உயரத்தில் வாங்கிக்கொள்கின்றன என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

இழுவிசையை முதலில் கணக்கிட்டு ஒதுக்கிவிடலாம். ஐரோப்பிய விதிகளில் இணைப்புச் சாதனங்களுக்கு டி-மதிப்பு என்றோர் அளவு உண்டு. இழுக்கும் வண்டியின் எடையையும் இழுபடும் வண்டியின் எடையையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கினால் கிலோநியூட்டனில் அந்த அளவு கிடைக்கும். 2 டன் டிராக்டர் 6 டன் டிரெய்லரை இழுக்கிறது என்றால் விடை ஏறத்தாழ 14.7 கிலோநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் விசை. இனி, சாதாரண மென் எஃகால் ஆன 28 மி.மீ. ஹிட்ச் பின், அதாவது இணைப்பு ஆணி, ஒன்று கவையின் இரு தகடுகளுக்கு நடுவே நிற்பதாகக் கொள்வோம். அதை இரண்டு இடத்தில் ஒருசேர வெட்டினால்தான் அது அறும். அதற்கு ஏறத்தாழ 30 டன் விசை வேண்டும். தேவையைப் போல இருபது மடங்கு வலிமை இருந்தும் சாலையில் டிரெய்லர் கழன்று போகிறது என்றால், அந்த ஆணி நேரான இழுப்பால் அறுவதில்லை என்பது தெளிவு. அது தேய்கிறது, வளைகிறது, கிளிப் இல்லாததால் துள்ளி வெளியேறுகிறது, அல்லது அதைத் தாங்கும் வெல்டிங் விட்டுப்போகிறது. எனவே ‘எத்தனை டன் இழுக்கும்’ என்ற கேள்விக்கு விற்பவர் சொல்லும் பதில் எதையும் தீர்மானிக்காது.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் வண்டி மல்லாந்து கழுத்துக் கயிறு இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் உள்ள உறவு இதுவேதான். அச்சுக்கு முன்னால் விழும் எடையின் ஒரு பகுதி இணைப்பின் மீது இறங்குகிறது. அது பின்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டுவதால் ஓரளவுக்கு நன்மையே. சேற்றில் இரண்டு சக்கர டிரெய்லருடன் ஏறிவிடும் டிராக்டர், அதே எடையுள்ள நான்கு சக்கர டிரெய்லருடன் சுழன்றுகொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சே தன் பாரத்தைச் சுமந்துகொள்வதால், இணைப்பில் இழுப்பு மட்டுமே உண்டு, அழுத்தம் இல்லை. ஆகவே நான்கு சக்கர டிரெய்லர் வைத்திருப்பவருக்குத் தேர்வு எளிது, கீழே சொல்லப்போகும் கவலைகளில் பாதி அவருக்கு இல்லை. அதைப் பின்னோக்கி ஓட்டுவதற்கு மட்டும் தனிப் பொறுமை வேண்டும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் முன்பாரம் எங்கே விழுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். டிராக்டரின் எடை 2,000 கிலோ, அதில் முன் அச்சில் நிற்பது 800 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர், டிரெய்லரின் முன்பாரம் 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சிலிருந்து 0.6 மீட்டர் தள்ளி டிராபாரில் மாட்டினால் முன் அச்சிலிருந்து 240 கிலோ குறையும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் துளைத் தகட்டில் மாட்டினால் 400 கிலோ குறைந்து, முன் அச்சில் மீதி 400 கிலோ மட்டுமே நிற்கும். ஸ்டீயரிங் நம்பகமாக வேலை செய்ய முன்சக்கரங்களில் டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் அளவின் விளிம்பு அது. வண்டி சமதரையில் நிற்கும்போதே நிலைமை இப்படி என்றால், அறுவடை முடிந்த வயலிலிருந்து 6 டன் பாரத்துடன் வரப்பேறிச் சாலைக்கு வரும்போது கணக்கு இன்னும் கடுமையாகிறது. நெகிழ்ந்த மண்ணும் ஏற்றமும் சேர்ந்து சுமார் 1,000 கிலோ இழுவிசையைக் கேட்கும். அந்த விசை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் செயல்படுகிறதோ அந்த அளவுக்கு முன்பக்கத்தைத் தூக்கும். டிராபாரில் 0.45 மீட்டர் உயரத்தில் இழுத்தால் மேலும் 225 கிலோ குறைந்து, முன் அச்சில் 335 கிலோ மீதமிருக்கும். கட்டுப்பாடு குறையுமே தவிர, சக்கரம் தரையில் இருக்கும். தூக்கி வைத்த துளைத் தகட்டில் 0.7 மீட்டர் உயரத்தில் இழுத்தால் 350 கிலோ குறைந்து 50 கிலோவே மிஞ்சும். ஏற்றத்தில் டிராக்டரின் சொந்த எடையும் பின்னோக்கிச் சாய்வதால் அந்த ஐம்பதும் மிஞ்சாது. அதே டிராக்டர், அதே டிரெய்லர், அதே ஏற்றம். மாட்டிய இடம் மட்டுமே வேறு.

அந்தத் துளைத் தகடுதான் நம் ஊரில் அதிகம் பயன்படுகிறது என்பது வருத்தத்துக்குரியது. கலப்பையையோ ரோட்டவேட்டரையோ கழற்றிவிட்டு, இரண்டு கீழ்க் கைகளுக்கு நடுவே ஒரு தகட்டைப் பூட்டி, அதன் ஏதாவதொரு துளையில் டிரெய்லரை மாட்டிவிடுவது சில நிமிட வேலை. ஹைட்ராலிக் நெம்புகோலால் உயரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியே அதன் குறை. கீழ்க் கைகளை ஹைட்ராலிக் மேலே தூக்கும். கீழே அழுத்திப் பிடிக்காது. ஆகவே டிரெய்லரில் பின்பாரம் ஏறினால் தகடு தன்போக்கில் மேலே எழும்பும். பக்கவாட்டுச் செயின்கள் தளர்ந்திருந்தால் இடம் வலமாக ஆடும். மேலும் அது ஒற்றைத் தகடு. டிரெய்லரின் முனையில் இரட்டைத் தகடுக் கவை இருந்தால் ஆணி இரு பக்கமும் தாங்கப்படும். டிரெய்லரிலும் ஒற்றை வளையமே இருந்தால் ஆணி ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள கம்பியாகி வளையத் தொடங்கும். வளைந்த ஆணியைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டியிருந்த ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த செய்திதான். கைகளை டிராக்டர் உடலோடு இறுக்கிக் கட்டும் தாங்கு கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தால் நிலைமை ஓரளவு மேம்படும். அவ்வாறு இல்லாத தகட்டில் வயலுக்குள் தண்ணீர்த் தொட்டி, மருந்து தெளிக்கும் எந்திரம் போன்ற இலேசான பாரங்களுக்கு மேல் எதையும் மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிராபார் இதற்கு நேர்மாறானது. டிராக்டரின் வயிற்றுக்கு அடியில் ஒரு முளையில் தொடங்கி, பின் அச்சுக்குக் கீழாகச் சென்று நீளும் இந்தச் சட்டம், இழுப்பைத் தாழ்வான உயரத்தில் வாங்குவதால் முன்சக்கரத்தைத் தூக்கும் ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. பக்கவாட்டில் அசையும்படி விட்டால் திருப்பங்களில் எளிதாக வளையும். ஆணி போட்டு நிறுத்தினால் சாலையில் நேராக ஓடும். எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் வரும் எந்திரத்துக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டால் இயங்கும் பின்னிழுவை எந்திரங்களுக்கு, உதாரணமாக வைக்கோல் கட்டும் பெரிய பேலர்களுக்கு, டிராபாரைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டின் முனையிலிருந்து இணைப்புத் துளை 14 அங்குலம் பின்னால் இருக்க வேண்டும் என்பது பொது அளவு. அந்த இடைவெளி மாறினால் திருப்பங்களில் பி.டி.ஓ.வையும் எந்திரத்தையும் இணைக்கும் கூட்டுத்தண்டு ஒரேயடியாக நெரிபடும் அல்லது கழன்று சுழலும். சுழலும் தண்டு கழன்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. டிராபாரின் பலவீனம் அது சுமக்கும் முன்பாரத்தின் அளவு. நீண்டு வெளியே நிற்கும் சட்டம் என்பதால், மிகுந்த பாரத்தில் அது கீழ்நோக்கி வளைகிறது. முனையை எவ்வளவு வெளியே இழுத்து வைக்கிறோமோ அவ்வளவுக்குச் சுமக்கும் திறன் குறையும். டிராக்டருடன் வரும் கையேட்டில் ஒவ்வொரு நிலைக்கும் தனி அளவு அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் அரிது.

இரண்டு சக்கர டிப்பர் டிரெய்லருக்கு என் முதல் தேர்வு, பின்பக்க உறையில் போல்ட்டுகளால் நிறுத்தப்படும் கவைதான். பின் அச்சுக்கு மிக அருகில் நிற்பதால், முன்பாரம் இதில் இறங்கும்போது முன் அச்சைக் குறைவாகவே பாதிக்கிறது. மேற்கண்ட கணக்கில் 0.4 மீட்டர் தூரத்துக்கு 160 கிலோ மட்டுமே குறையும். பாரம் நேராக டிராக்டரின் உடலுக்குப் போகிறது; நீண்ட சட்டம் ஏதும் வளைவதற்கில்லை. உயரம் சற்றுக் கூடுதல் என்பது குறை. ஏணி போன்ற சட்டத்தில் படிப்படியாக ஏற்றி இறக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். டிரெய்லரின் தளம் சமமாக நிற்கும் படிகளுள் மிகத் தாழ்ந்ததில் அதை நிறுத்த வேண்டும். கவையில் மாட்டும் டிரெய்லர் முனை ஒற்றை வளையமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கவை என்றால் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, பள்ளத்தில் இறங்கும்போது மேலும் கீழும் அசைய இடமின்றி வெல்டிங்கைப் பிளக்கும். ஆணிக்குத் தலையும், கீழ் முனையில் கிளிப் மாட்டத் துளையும் இருப்பது கட்டாயம். கட்டடக் கம்பித் துண்டை ஆணியாகச் செருகியிருக்கும் வண்டிகளை எல்லாச் சாலைகளிலும் காணலாம். அதன் மேலுள்ள வரிகள் அரம்போலத் துளையை அராவுவதோடு, தலையோ கிளிப்போ இல்லாத அந்தக் கம்பி ஒரு வேகத்தடையில் எகிறி விழுவதைத் தடுக்க எதுவும் இல்லை. முழு நீள மரை கொண்ட போல்ட்டைப் போடுவதும் ஏறக்குறைய அதே தவறுதான்.

இதுவரை சொன்ன மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. டிராக்டர் பின்னால் வரும்போது, வளையத்தைப் பிடித்துக்கொண்டு துளைக்கு நேராகக் காட்ட ஓர் ஆள் நடுவில் நிற்கிறார். ஓட்டுநரின் கால் கிளட்சிலிருந்து ஒரு கணம் வழுக்கினால், அந்த ஆள் டயருக்கும் டிரெய்லருக்கும் இடையே இருப்பார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவலாக உள்ள தானியங்கிக் கொக்கி இந்த ஆளை அங்கிருந்து நீக்குகிறது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே ஹைட்ராலிக்கால் கொக்கியை இறக்கி, வளையத்துக்கு அடியில் கொண்டுபோய், தூக்கினால் வளையம் கொக்கியில் விழுகிறது. மேலே வந்ததும் தாழ்ப்பாள் பூட்டிக்கொள்கிறது. ஜெர்மனியில் வளையம் உள்ளே நுழைந்ததும் ஆணி தானாக விழும் கவைகள் வழக்கத்தில் உள்ளன. ஒரே டிராக்டருக்கு நாளொன்றுக்குப் பலமுறை டிரெய்லர் மாற்ற வேண்டியிருக்கும் வாடகை வண்டிக்காரருக்கும் பெரிய பண்ணைக்கும் இவை செலவுக்கு ஈடான பலனைத் தரும். கொக்கி தாழ்வாகவும் அச்சுக்கு அருகிலும் நிற்பதால் முன்பாரக் கணக்கிலும் அது நல்ல இடம். ஆனால் தாழ்ப்பாளில் மண்ணும் வைக்கோலும் அடைத்துப் பாதி பூட்டிய நிலையில் நின்றால், பூட்டியதாகவே ஓட்டுநருக்குத் தோன்றும். இறங்கிப் பார்க்கத் தேவையில்லாத சாதனம் வாங்கினாலும், ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது. இடையில் ஆளை நிறுத்தாமல் இருக்க, பணம் செலவழிக்க முடியாதவருக்கும் ஒரு வழி உண்டு: டிரெய்லரின் முனையில் திருகு ஜாக்கி ஒன்றைப் பொருத்தி, வளையத்தைச் சரியான உயரத்தில் நிறுத்திவைத்தால், வண்டி முழுவதும் நின்ற பிறகு ஆள் உள்ளே போய் ஆணியைப் போட்டால் போதும்.

உருண்டை இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐரோப்பியப் பண்ணைகளில் பரவிவரும் 80 மி.மீ. உருண்டை, குறைந்த வேகத்தில் 3 முதல் 4 டன் வரை முன்பாரம் தாங்கும். ஆணிக் கவைகளுக்கு அங்கு வழக்கமான வரம்பு 2 டன். உருண்டையும் அதன் கிண்ணமும் இடைவெளியின்றிப் பொருந்துவதால் ஆட்டமும் இல்லை, ‘டக், டக்’ என்ற அடியும் இல்லை. ஆனால் டிராக்டர், டிரெய்லர் இரண்டின் முனையையும் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு டிரெய்லரை இரவல் வாங்கவோ, நம் டிரெய்லரைக் கொடுக்கவோ முடியாது. ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டே வேலை நடக்கும் நம் கிராமங்களில் இந்தக் காரணம் ஒன்றே அதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் பின்னால் இருக்கும் 50 மி.மீ. உருண்டை இதன் தம்பி அன்று. அது மூன்றரை டன் வரையான சாலை டிரெய்லர்களுக்கானது, தாங்கும் முன்பாரமோ வெகு சொற்பம். நெல் மூட்டை ஏற்றிய டிப்பரை அதில் மாட்டக் கூடாது.

ஆட்டம் என்பதை வெறும் சத்தமாக எண்ணிவிடக் கூடாது. நம் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் இல்லை அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. டிராக்டர் பிரேக் போடும்போது 6 டன் பாரம் முன்னோக்கி வந்து இடைவெளியை மூடி இடிக்கிறது. வேகம் எடுக்கும்போது எதிர்ப்பக்கம் இடிக்கிறது. இந்த இடிகளில் ஆணியும் துளையும் தேயத் தேய இடைவெளி கூடுகிறது. இடைவெளி கூடக் கூட இடியும் பலக்கிறது. இறக்கத்தில், அதுவும் வளைவில், டிரெய்லர் தள்ளும் விசை டிராக்டரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடும். அப்போது பின்சக்கரங்களைத் தரையோடு பிடித்துவைப்பது முன்பாரம்தான். கரும்பு ஏற்றும்போது கட்டுகளைப் பின்புறம் நீட்டி அடுக்கினால் இந்த முன்பாரம் மறைந்து, பின்பாரமாகவே மாறிவிடும். அப்போது டிரெய்லர் டிராக்டரின் பின்புறத்தை மேலே தூக்கும். ஏற்றத்தில் பிடிப்பும் போகும், இறக்கத்தில் பிரேக்கும் போகும். துளைத் தகட்டில் மாட்டியிருந்தால் தகடே மேலெழும்பும். கரும்பாலைக்கு ஓட்டுபவர் கவையோ கொக்கியோ வைத்திருப்பது இதனாலும் அவசியம்: இரண்டும் மேல்நோக்கிய இழுப்பையும் பிடித்துக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் தேய்மானம் ஒன்றே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. துளையில் மாற்றக்கூடிய புஷ் (உள்ளே செருகும் உலோக வளையம்) போட்ட கவை கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதை எடுக்கலாம். துளை முட்டை வடிவமானதும் முழுக் கவையையும் மாற்றாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதும். ஆணியை வெர்னியரால் அளந்தால், எப்போதும் உராயும் நடுப்பகுதி இரு முனைகளையும்விட மெலிந்திருப்பது தெரியும், 28 மி.மீ. ஆணி நடுவில் 25-க்கு வந்துவிட்டால் அதைத் தூர எறிவது என் வழக்கம். டிரெய்லர் வளையத்தைச் சட்டத்தோடு பற்றவைத்த இடம்தான் எல்லாவற்றிலும் ஐயத்துக்குரியது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண, அந்த இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டுத் துணியால் துடைத்து, அதன்மேல் சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் மயிரிழை போன்ற ஈரக் கோட்டைக் காட்டும். அந்தக் கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னொரு வெல்டிங் அடுக்கைப் போடுவது மருந்தாகாது. பழைய வெல்டிங்கை வெட்டியெடுத்து, வளையத்தை மாற்றுவதே வழி. போல்ட் போட்டு மாற்றும் வகை வளையம் இருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

ஆகவே, சொந்த நெல்லையும் உரத்தையும் இரண்டு சக்கர டிப்பரில் ஏற்றிச் சாலையில் ஓடுபவர், உயரம் மாற்றக்கூடிய கவையையும் ஒற்றை வளையத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். நான்கு சக்கர டிரெய்லருக்கும் பேலருக்கும் டிராபார் போதும்; அதற்கெனத் தனிச் செலவு தேவையில்லை. வாடகைக்கு ஓட்டுபவர் பணம் இருந்தால் தானியங்கிக் கொக்கிக்குச் செலவழிப்பது தகும். மேற்சொன்ன ஏற்றக் கணக்கில் மீதமிருந்த 335 கிலோ போதாது என்பதால், கவை, டிராபார் எதுவானாலும் முன்புற எடைக் கட்டிகளைப் பூட்ட வேண்டும். முன் அச்சுக்கு 0.6 மீட்டர் முன்னால் தொங்கும் 100 கிலோ, முன் அச்சில் 130 கிலோவாக இறங்கும். சேற்றில் சிக்கிய லாரியையோ வெட்டிய மரத்தையோ இழுக்க நேர்ந்தால், என்ன இணைப்பு வைத்திருந்தாலும் செயினை டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். மூன்று முனை இணைப்பின் மேல் கை பூட்டும் இடத்திலோ பின் அச்சு உறையிலோ செயினைச் சுற்றி இழுத்தால், முன்சக்கரம் எழும்பத் தொடங்கி டிராக்டர் மல்லாந்து விழ ஏறத்தாழ ஒன்றரை வினாடிதான் ஆகும். கிளட்சை மிதிக்க அந்த நேரம் போதாது.

டிரெய்லர் செய்யக் கொடுக்கும்முன் பட்டறைக்காரரிடம் இரண்டு அளவுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவது, டயர்களில் சரியான காற்றுடன் சமதரையில் நிற்கும் டிராக்டரின் கவைத் துளை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. டிரெய்லரின் வளையம் அதே உயரத்தில் இருக்கும்போது தளம் சமமாகவோ முன்புறம் சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும், பின்புறம் சாய்ந்து நிற்கவே கூடாது. இரண்டாவது, பாதுகாப்புச் செயின் மாட்டும் இடம். அது ஆணியையோ கவையையோ சாராமல் டிராக்டர் உடலில் தனியே இருக்க வேண்டும். ஏற்றிய டிரெய்லரின் முழு எடையைத் தாங்கும் இரண்டு செயின்களை, இழுசட்டத்தின் அடியில் பெருக்கல் குறிபோலக் குறுக்காக விட்டு, முழுத் திருப்பத்துக்கு வேண்டிய அளவு மட்டும் தளர்வு வைத்து மாட்டினால், ஆணி போனாலும் சட்டத்தின் முனை அந்தச் செயின்களின் மேல் விழும். தார்ச்சாலையில் குத்தி டிரெய்லரைக் கவிழ்க்காது.